பன்னிரண்டாவது குரல்

உட்காருங்கள் டீச்சர். அந்தத் தகரப்பெட்டிமேல் வேண்டாம், நாற்காலியில் உட்காருங்கள். பையைத் தரையில் வைக்காதீர்கள், மணல் ஏறிவிடும். மடியிலேயே இருக்கட்டும். செல்வி வீட்டில் இல்லை. கரையில் உட்கார்ந்திருப்பாள். நீங்கள் வருவீர்கள் என்று அவளுக்குத் தெரியும்.

எதற்கு வந்தீர்கள் என்று எனக்கும் தெரியும். அதைப் பேசுவதற்கு முன்னால் ஒரு விடுகதை போடுகிறேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு நீங்கள் எத்தனையோ போட்டிருப்பீர்கள். இதற்கு விடை சொல்லுங்கள் பார்க்கலாம். நாக்கைக் கொடுத்தாள், நடையை வாங்கினாள். கொடுத்ததைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் எதைக்கொண்டு கேட்பாள்?

யோசியுங்கள், அவசரமில்லை. எனக்கும் உடனே வரவில்லை. வந்தபோது, வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

விடுகதை என்னுடையது இல்லை. செல்வி என்னிடம் போட்டது. போன மாதம் வரை அவள் எவ்வளவு பேசுவாள் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள் என்று நீங்களே என்னிடம் குறைப்பட்டுக்கொண்டீர்கள். இப்போது எட்டு நாளாக வாயைத் திறப்பதில்லை. அதைத்தானே கேட்க வந்தீர்கள்?

நான் அவளை அடிக்கவில்லை டீச்சர். யாரும் எதுவும் செய்யவில்லை. முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

நீங்கள் கடல் தெரியாத ஊர். நாங்கள் பாசி எடுக்கிற பெண்கள். தம்பி நம்புவேல் படகில் ஏற்றிக்கொண்டு போய்த் தீவுக்குப் பக்கத்தில் விடுவான். கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு முங்குவோம். அடியில் பார் இருக்கும், அதாவது கடலுக்குள் கிடக்கிற பாறை. அதில் ஒட்டியிருக்கிற பாசியைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்திருப்போம். அவ்வளவுதான் வேலை. சொல்லும்போது சுலபமாக இருக்கிறது.

இதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. முங்கி எழுந்தால் குரல் விட வேண்டும். ஒவ்வொருத்திக்கும் ஒரு குரல். குஞ்சரத்தின் குரல் நாரை கத்துகிற மாதிரி இருக்கும், என்னுடையது வெட்டினாற்போல ஒரே ஒரு 'ஹோய்'. அலை நடுவில் யார் எங்கே என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது, காதுதான் கண். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் நான் முதல் குரல் விடுவேன், வரிசையாக எல்லோரும் விடுவார்கள். ஒரு குரல் குறைந்தால் பாசியைப் போட்டுவிட்டு எல்லோரும் முங்கித் தேட வேண்டும். என் அம்மா காலத்திலிருந்து அப்படித்தான். இந்த முறையால் ஐந்தாறு உயிர் பிழைத்திருக்கிறது.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் குரலை எண்ணினால் பன்னிரண்டு. நாங்கள் பதினொரு பேர்தான்.

மறுநாளும் பன்னிரண்டு. யாரோ விளையாடுகிறார்கள் என்று நான் ஒருத்திவிடாமல் திட்டினேன். குறைந்தால் என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியும். கூடினால் என்ன செய்வதென்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையே. மூன்றாம் நாள் மத்தியானம், மற்றவர்கள் தீவு மணலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் கை கழுவத் தீவின் மறுபக்கம் போனேன். பாறை இடுக்கில் அவள் இருந்தாள். பதினேழு பதினெட்டு வயது இருக்கும். இடுப்புக்கு மேலே நம்மைப் போல. கீழே ஒருதரம் பார்த்தேன், அப்புறம் பார்க்கவில்லை.

அவள் என்னிடம் முதன்முதலில் பேசியது என்ன தெரியுமா? "ஒங்க வீட்டுக் கொழம்புல புளி பத்தல அக்கா."

சிரிக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. என் தம்பிக்கு ஒரு பழக்கம், சாப்பாட்டில் கடைசிப் பிடியைக் கடலில் போடுவான். அந்தச் சோற்றைத் தின்று பழகியவள் இவள். எங்கள் பேச்சையே கேட்டுக் கேட்டு எங்கள் மாதிரியே பேசினாள். பன்னிரண்டாவது குரலும் அவளுடையதுதான். எங்களோடு சேர்ந்து ஒரு குரல் விட்டுப் பார்க்க ஆசை, வேறொன்றுமில்லை என்றாள். ஆனால் வேறொன்றும் இருந்தது. படகில் உட்கார்ந்திருப்பவன் பெயர் என்ன என்று கேட்டாள்.

கரைக்கு வர வழி இருக்கிறது என்று அவளே சொன்னாள். அவர்கள் கூட்டத்தில் யாராவது தரையில் நடக்க வேண்டுமென்றால், கரையில் இருக்கிற ஒருவர் அவர்கள் குரலை வாங்கிச் சங்கில் வைத்துக் காக்க வேண்டுமாம். குரல் சங்கில் இருக்கிற வரைக்கும் கால் இருக்கும். கேட்டால் திருப்பித் தர வேண்டும், தந்தால் கால் போகும். கேட்காமல் தரவும் கூடாது. இதுதான் விதி. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள் டீச்சர். கேட்டால்தான் தர வேண்டும்.

"நீங்க வெச்சுக்குறீங்களா அக்கா? ஒங்களத்தான் எனக்குத் தெரியும். ஒங்க குரல்தான் மொதல்ல வரும்."

நான் ஐந்து நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தம்பிக்கு அப்போது முப்பது தாண்டிவிட்டது. மூன்று இடத்தில் பெண் கேட்டு மூன்று இடத்திலும் இல்லையென்றார்கள். எனக்கும் வீட்டில் பேச்சுத் துணை கிடையாது, புருஷன் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. ஒரு பெண் தானாக வருகிறாள், சீர் வேண்டாம், செனத்தி வேண்டாம். வேண்டாமென்று சொல்ல நான் யார்? பேச்சுத் துணைக்கு ஆசைப்பட்டு ஊமையைக் கூட்டிக்கொண்டு வந்தேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வீட்டில் கிடந்த பெரிய சங்கை எடுத்துப்போய் அவள் வாயருகில் பிடித்தேன். "அக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னாள். பாதியிலேயே சத்தம் நின்றுவிட்டது, வாய் மட்டும் அசைந்தது. சங்கின் வாயை மெழுகால் அடைத்தேன். அப்புறம் நடந்ததைச் சொல்ல மாட்டேன். மீனை வாலிலிருந்து கீறிப் பார்த்திருப்பீர்கள். அவளால் கத்த முடியவில்லை என்பது மட்டும்தான் ஒரு நிம்மதி. அதாவது, எனக்கு.

கரைக்குக் கூட்டி வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, அவள் பெயரைக் கேட்கவில்லை. இனி எங்கே கேட்பது? என் சித்தி பெயரை வைத்தேன், அலமேலு.

நல்ல பெண். வேலைக்கு அஞ்சமாட்டாள். தம்பிக்கு அவள் என்றால் உயிர். எங்கிருந்து வந்தாள் என்று நான் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருந்தது, ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. நடக்கும்போதுதான் பார்க்கச் சங்கடமாக இருக்கும், உடைந்த சிப்பிமேல் நடக்கிற மாதிரி ஒவ்வொரு அடியையும் எடுத்து வைப்பாள். நான் ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். ஒன்று தேய்ந்தால் இன்னொன்று. என்னால் முடிந்தது அதுதான்.

எங்களோடு முங்க வந்தாள். வராமல் இருப்பாளா? ஆனால் குரல் இல்லையே. முறைப்படி குரல் இல்லாதவளைக் கடலில் இறக்கக் கூடாது. குஞ்சரம் அதைச் சொல்லவும் சொன்னாள். நான்தான் பொறுப்பேற்றேன். அவள் எனக்குப் பக்கத்திலேயே முங்குவாள், அவள் தலையைப் பார்த்துவிட்டு அவளுக்கும் சேர்த்து நான் குரல் விடுவேன். எனக்கு ஒரு 'ஹோய்', அவளுக்கு ஒரு 'ஹோய்'. மறுபடியும் பன்னிரண்டு ஆயிற்று. மூன்றரை வருஷம் அப்படியே போயிற்று. செல்வியும் பிறந்தாள்.

அந்தச் சங்கை அவள் திருப்பிக் கேட்கவே இல்லை டீச்சர். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

செல்வி பிறந்த மூன்றாம் நாள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். நீங்கள் உட்காரப் போன இதே பெட்டிமேல் ஒரு கை, தொண்டைமேல் ஒரு கை. தாகம் என்று நினைத்தேன். சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் அதைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். பிள்ளைக்குத் தாலாட்டுப் பாட ஆள் வேண்டுமே என்று நான்தான் பாடினேன்.

செல்விக்கு இரண்டு வயதானபோது, ஒருநாள் தனியாக அலைப் பக்கம் ஓடிவிட்டாள். அலமேலு கையைத் தட்டினாள், காலால் தரையை உதைத்தாள், பிள்ளை திரும்பவில்லை. குஞ்சரம் பார்த்து ஓடிப்போய்த் தூக்கினாள். அன்றைக்கு அலமேலு என்னிடம் வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஏதோ பசி என்று ஒரு வாழைப்பழத்தை வைத்தேன். அவள் அந்தப் பழத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே. சரி, அதை விடுங்கள்.

உண்மையைச் சொன்னால் என்ன? எப்போதாவது வீட்டில் யாரும் இல்லாத மத்தியான நேரத்தில் நான் சங்கை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன். மெழுகை எடுக்கமாட்டேன், சும்மா வைப்பேன். "அக்கா" என்று கேட்கும். அந்த ஒரு வார்த்தைதான். என்னை அவ்வளவு ஆசையாக வேறு யாரும் கூப்பிட்டதில்லை. அதைக் கேட்டுவிட்டுத் திரும்பப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அந்த வருஷம் ஆனி மாதம். மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று ஆரம்பித்துத் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. காலையில் படகு ஏறுவதற்கு முன்னால் அலமேலு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள், தொண்டையைத் தொட்டாள். எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். "போயிட்டு வந்து பேசிக்கலாம் வா" என்றேன். பேசிக்கலாம் என்றுதான் சொன்னேன், அந்த வார்த்தையைத்தான். முந்தானையை விட்டுவிட்டுப் படகில் ஏறினாள்.

பாரில் பழைய வலை ஒன்று கிழிந்து சிக்கிக் கிடந்திருக்கிறது. கலங்கல் தண்ணீரில் யாருக்கும் தெரியவில்லை. குரல் எடுக்கிற நேரம் வந்தது. நான் எழுந்தேன். கண்ணாடியெல்லாம் தண்ணீர். எனக்கு ஒரு குரல் விட்டேன். அப்புறம் அவளுக்கு ஒன்று விட்டேன். வரிசையாக எல்லோரும் விட்டார்கள். பன்னிரண்டு. எல்லோரும் திரும்ப முங்கினோம்.

அரை மணி நேரம் கழித்துப் படகில் ஏறும்போதுதான் ஆள் இல்லை என்று தெரிந்தது. கூந்தல் வலையில் மாட்டியிருந்தது. கால் இருக்கிற வரை அவளுக்கும் தண்ணீருக்குள் மூச்சு நம் அளவுதான். அந்த நேரத்தில் பதினொரு குரல் வந்திருந்தால் எல்லோரும் தேடியிருப்பார்கள். கிடைத்திருப்பாளா மாட்டாளா என்று எப்படிச் சொல்ல முடியும்?

தம்பி என்னிடம் ஒன்றுதான் கேட்டான். "அக்கா, நீ தலையப் பாத்துட்டுத்தான் அவளுக்குக் குரல் குடுத்தியா?"

"பாத்தேன்டா. அதுக்கப்புறம் முங்கினவதான்" என்றேன்.

தன் அக்கா பொய் சொல்லமாட்டாள் என்று நம்புகிறவன் அவன். பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு மேற்குக் கரைக்குப் படகு வேலைக்குப் போய்விட்டான். பொங்கலுக்கு வருவான். செல்வியை நான்தான் வளர்த்தேன். என்ன குறை வைத்தேன்? நீங்களே சொல்லுங்கள், அவள் சீருடையில் என்றைக்காவது ஒரு கறை பார்த்திருக்கிறீர்களா?

இந்தப் பங்குனியில் அவளுக்குக் கால் வலிக்க ஆரம்பித்தது. முழங்காலுக்குக் கீழே தோல் செதில் செதிலாக வந்தது. தேங்காயெண்ணெய் தடவினேன். நர்ஸ் ஒரு களிம்பு கொடுத்தார். நிற்கவில்லை. வைகாசியில் நடையே மாறிவிட்டது. அந்த நடையை நான் பார்த்திருக்கிறேன் டீச்சர். வகுப்பில் அவள் விளையாட வராமல் உட்கார்ந்திருந்தாளே, அது சோம்பல் இல்லை.

போன மாதம் நான் பாசிக்குப் போயிருந்தபோது பெட்டியைத் திறந்திருக்கிறாள். சாவி எங்கே என்று வீட்டில் இருக்கிற பிள்ளைக்குத் தெரியாமல் இருக்குமா? சங்கைக் காதில் வைத்திருக்கிறாள். பதினைந்து வருஷமாக எனக்கு "அக்கா" என்ற ஒரு சொல்லைத் தவிர எதையும் சொல்லாத குரல், பெற்ற பிள்ளைக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறது. எங்கிருந்து வந்தது, என்ன விதி, யார் கையில் கொடுத்தது, எல்லாவற்றையும். செல்விக்குக் கால் ஏன் இப்படி ஆகிறது என்பதையும். அவள் இரத்தத்தில் பாதி அந்தப் பக்கம் அல்லவா? பதினாலு வயதில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டாக வேண்டுமாம். குரலை வைத்துக்கொண்டு கடலுக்குப் போகலாம். குரலைக் கொடுத்துவிட்டுக் கரையில் இருக்கலாம். இரண்டும் சேர்த்துக் கிடையாது.

ஆனால் அந்தக் குரலுக்கு ஒன்று மட்டும் தெரியாது. அவள் எப்படிச் செத்தாள் என்று தெரியாது. அது அன்றைக்கு வீட்டில், பெட்டிக்குள் இருந்தது.

நான் வீட்டுக்கு வந்தேன். கால் கழுவிக்கொண்டிருந்தேன். "அத்தை, ஒரு விடுகதை போடுறேன்" என்றாள். போட்டாள். நான் விழித்தேன். அவள் விடையைச் சொல்லவில்லை. பெட்டிமேல் ஒரு கையை வைத்தாள், தொண்டைமேல் ஒரு கையை வைத்தாள். அப்படியே நின்றாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

எனக்குக் கையிலிருந்த சொம்பு விழுந்துவிட்டது.

"அம்மா குரலைக் குடு அத்தை" என்றாள். வாய்விட்டுக் கேட்டாள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பதுதானே விதி, கொடுத்தேன். நான் விதியை மீறியவள் இல்லை.

கரைக்கு எடுத்துப்போனாள். பின்னாலேயே போனேன். தண்ணீர் வற்றிய நேரம், பெண்கள் பாசியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். செல்வி முழங்கால் ஆழத்தில் நின்று மெழுகை நகத்தால் கீறி எடுத்தாள். சங்கிலிருந்து பேச்சு எதுவும் வரவில்லை. அழுகையும் இல்லை. ஒரு குரல் வந்தது டீச்சர். முங்கி எழுந்தவள் விடுகிற குரல். தான் எழுந்துவிட்டதைச் சொல்கிற குரல். குஞ்சரம் பழக்கத்தில் நாரை மாதிரிப் பதில் குரல் கொடுத்துவிட்டு, அப்புறம் யாருக்குக் கொடுத்தோம் என்று புரிந்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குரல் பார் இருக்கிற திசையில் போய்த் தேய்ந்தது. சங்கு வெறும் சங்காயிற்று.

அம்மா செத்த கதையைக் குஞ்சரம் சொல்லிக் கேட்டிருந்த செல்வி, திரும்பி வரும்போது கேட்டாள். "அன்னைக்கு நீ தலையப் பாத்தியா அத்தை?"

அப்பனும் மகளும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். அவனுக்குச் சொன்ன பதிலையே இவளுக்கும் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஏனோ இந்தமுறை, "பாக்கல" என்றேன். "கையைப் பழக்கம் இழுக்கிற மாதிரி வாயைப் பழக்கம் இழுத்துருச்சு. பாக்காமலே குடுத்துட்டேன்" என்றேன்.

அவள் வெறும் சங்கை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். வாழ்க்கையில் முதல்தடவை உண்மையைச் சொல்கிறேன், ஒரு திட்டாவது திட்டியிருக்கலாம்.

அதற்கப்புறம் நான்கு நாள். அவள் போய்விடுவாள் என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை. போ என்று நான் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. கடல் பக்கத்துக் கதவை மட்டும் சாத்தி வைத்தேன். குழம்பில் புளி கொஞ்சம் கூட்டினேன். நான்காம் நாள் நிற்கவே முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனித் தாங்காது என்று தெரிந்தது. சங்கைக் கழுவித் துடைத்து, புது மெழுகும் எடுத்து வைத்தேன். அவள் முன்னால் நீட்டினேன். "இதுல குடு கண்ணு, அத்தை பத்திரமா வெச்சுக்குறேன். இந்தத் தடவ நல்லாப் பாத்துக்குறேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

விடுகதைக்கு விடை கிடைத்ததா டீச்சர்? கையால்தான் கேட்பாள். அவ்வளவு சுலபமான விடை. அலமேலு மூன்றுதரம் கேட்டாள். எதிரில் நிற்கிறவர்கள் பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் தேவை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். செல்வி என்றைக்காவது உங்கள் முன்னால் வந்து தொண்டையைத் தொட்டுக்கொண்டு நின்றால் தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள். கை நீட்டினால் பழம் வைத்துவிடாதீர்கள். மெழுகை நகத்தால் கீறினாலே வந்துவிடும். பையை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள், பயப்பட வேண்டாம், அது கனக்காது. காதில் வைத்துப் பார்த்தீர்களா? அவள் என்ன சொல்லியிருக்கிறாள் என்று நான் கேட்கமாட்டேன்.

நான் நீட்டியதும் செல்வி சங்கை வாங்கிக்கொண்டாள். மெழுகையும் வாங்கிக்கொண்டாள். இரண்டையும் புத்தகப் பையில் வைத்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனாள். சாயங்காலம் நேராக நடந்து வீட்டுக்கு வந்தாள். சங்கு அவளிடம் இல்லை. உங்கள் மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.